காதில் விழும், பிடிபடாது: காது கருவியுடன் நான்கு வருடங்கள்

2019-ல் சோமனூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை அக்காவுக்கு. மேளம், சாம்பார் வாளிகளின் சத்தம், நாலாபக்கமும் பேச்சு. அக்கா என் பக்கம் சாய்ந்து, "மாப்பிள்ளைக்கு வேலை..." என்று ஏதோ சொன்னார். "ரொம்ப சந்தோஷம் அக்கா" என்று சிரித்தேன். வேலை போய்விட்டது என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நிற்க, அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்போதும் நான் மண்டபத்தைத்தான் குறை சொன்னேன். வீட்டில் மனைவி கூப்பிட்டால் கேட்கிறது, போன் மணி கேட்கிறது, பிறகு காதுக்கு என்ன குறை? காது மந்தம் என்றால் சத்தமே கேட்காமல் போவது என்று நினைத்திருந்தேன். தொடக்கத்தில் அப்படி இருப்பதில்லை. சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. அதுவும் இரைச்சலில்தான் முதலில் காட்டும். டீக்கடையில் நாலு பேர் பேசும்போது மற்றவர்கள் சிரித்த பிறகு நான் சிரிப்பேன். பேத்தியின் மெல்லிய குரல் எட்டாது. குழந்தை மழலையாகப் பேசுகிறாள் என்று சொல்லிக்கொள்வேன்.

கொரோனாவில் எல்லோரும் முகக்கவசம் போட்டபோதுதான் உண்மை தெரிந்தது. மருந்துக் கடைக்காரர் சொன்ன எதுவும் விளங்கவில்லை. அத்தனை வருடமும் பாதிப் பேச்சை உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்கிறேன்.

முதலில் ஒரு கடையில் மலிவான ஒலிபெருக்கிக் கருவி ஒன்றை என் தலையில் கட்டினார்கள். பரிசோதனை கிடையாது. மிக்சி இரைச்சலும் பேச்சும் ஒன்றாகப் பெருகித் தலைவலிதான் மிஞ்சியது. பிறகுதான் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். அழுக்கு அடைப்போ சீழோ இல்லை என்று பார்த்துவிட்டு கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டிடம் அனுப்பினார். ஒலி புகாத சிறிய அறை, காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். தாழ்ந்த ஓசை முதல் கீச்சு ஓசை வரை எது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம் ஒன்றைக் கொடுத்தார். அது 1000 ஹெர்ட்ஸ் (ஓசையின் அதிர்வு அளவு) வரை ஏறக்குறைய நேராக வந்து, கீச்சு ஓசையான 4000-ல் கிணற்றில் இறங்குவது போல இறங்கியிருந்தது. "என்ன தொழில்?" என்று கேட்டார். இருபத்தாறு வருடம் விசைத்தறி என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த அலைவரிசையில் பலமாக வரும். க, ச, ட, த, ப போன்ற வல்லின ஒலிகளைப் பிரித்துக் காட்டும் கூர்மை உயர்ந்த அலைவரிசையில், அதுவும் மெலிதாக இருக்கிறது. பாட்டா, பாக்கா, பார்த்தா என்று தெரியாமல் போவது அதனால்தான். இரைச்சல் அந்த மெல்லிய பகுதியைத்தான் முதலில் மூடுகிறது. ஒலியை உணரும் உட்காதின் மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை.

2021-ல் இரண்டு காதுக்கும் கருவி வாங்கினேன். முதல் மூன்று வாரம் சிரமம். செய்தித்தாளைப் புரட்டினால் தகரத்தைக் கசக்குவது போல இருந்தது, என் குரல் பானைக்குள்ளிருந்து வந்தது. கழற்றி வைக்காமல் தினமும் போட்டதால் மூளை பழகிக்கொண்டது. நடுவில் இரண்டு முறை ஆடியாலஜிஸ்டிடம் போய்க் கருவியின் ஒலி அளவைத் திருத்திக்கொண்டேன். வாங்குவதைவிட இதுதான் முக்கியம் என்பேன். பழுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய 312 பேட்டரி எனக்கு ஒரு வாரம் வருகிறது. ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போட வேண்டும். சித்திரை வியர்வைக்கு, இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைக்காவிட்டால் மறுநாள் கரகரக்கும்.

கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவது போல இது இல்லை. மேளம் ஒலிக்கும் மண்டபத்தில் இன்றும் தடுமாறுகிறேன். சுவருக்கு முதுகு காட்டி, பேசுபவர் முகம் தெரிய உட்காருகிறேன். "எனக்குக் காது மந்தம், என் முகம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திடீரென ஒரு காது மட்டும் அடைத்துப்போனால் நாள் கடத்தாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள்.

85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் என்பதே தினசரி வேலைக்கு நிபுணர்கள் பரிந்துரைக்கும் வரம்பு. ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடா அடிக்கும் தறிக்கூடம் அதைத் தாண்டித்தான் நிற்கிறது. இப்போது தறி ஓட்டுவது மகன். வயது 31. போன மாதம் அவனை அதே பரிசோதனை அறையில் உட்கார வைத்தேன். 4000-ல் லேசாக ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. காதடைப்பான் இல்லாமல் அவனைக் கூடத்துக்குள் கால் வைக்க நான் விடுவதில்லை.