மழையில் சாகாத ரேடியோ: அதுதான் என் புகார்

புது டவருக்கு 18 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, அதாவது டவருக்கு டவர் இன்டர்நெட்டைக் காற்று வழியே கடத்தும் பெட்டி, வாங்கப் போகிறார் நண்பர் ஒருவர். நான் பல வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கும் அதே மாடலுக்கு இப்போது விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று கேட்டார். அவரும் என்னைப்போல வயர்லெஸ் இன்டர்நெட் தொழில்தான். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். பிராண்டு பெயர் வேண்டாம். இந்தக் குறை ஒரே கம்பெனியோடு நிற்பதும் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் விட்டுப்போகும். என் லிங்க் 10 கிலோமீட்டர், இரு முனையிலும் 60 செ.மீ. டிஷ். கணக்குப்படி வரவேண்டிய சிக்னல் மைனஸ் 41 டிபிஎம். கட்டிய அன்று அதுதான் வந்தது, வெயில் நாளில் இன்றைக்குப் பார்த்தாலும் அதுதான் இருக்கிறது. எத்தனையோ காற்று அடித்துவிட்டது, மவுன்ட் அசையவில்லை. கனெக்டரில் தண்ணீர் இறங்கவில்லை. இடி மின்னலில் பக்கத்து டவரில் சுவிட்சுகள் போயின, இது போகவில்லை.

அலைன்மென்ட்டும் சுகம். ரேடியோவின் அடியில் ஒரு சின்ன பிஎன்சி சாக்கெட் இருக்கிறது. அதில் மல்டிமீட்டரை மாட்டினால் சிக்னலுக்கு ஏற்ற வோல்டேஜ் காட்டும். லேப்டாப்பை டவர் மேல் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ஒரு கையில் ஸ்பேனர், கண் மீட்டரில், நட்டை நூல் நூலாகத் திருப்ப வேண்டியதுதான். இந்த அளவு டிஷ்ஷுக்கு 18 கிகாஹெர்ட்ஸில் பீம் அகலம் சுமார் 2 டிகிரி. திருப்பிக்கொண்டே போனால் வோல்டேஜ் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். முதலில் ஏறியதைப் பிடித்து இறுக்கிவிட்டு வந்தால் சைடு லோபில், அதாவது நடு பீமுக்குப் பக்கத்தில் கிளைக்கும் பலவீனமான பீமில், உட்கார்ந்திருப்பீர்கள். லிங்க் வேலை செய்யும், ஆனால் 20 டெசிபல் காணாமல் போயிருக்கும், அதாவது சிக்னல் நூறில் ஒரு பங்குதான் வரும். கணக்கில் வந்த எண்ணுக்கு இரண்டு மூன்று டெசிபலுக்குள் வரும்வரை கீழே இறங்காதீர்கள்.

சரி, இப்போது மழைக்கு வருவோம்.

மணிக்கு 50 மி.மீ. மழை பெய்தால் 18 கிகாஹெர்ட்ஸில் கிலோமீட்டருக்கு 4 முதல் 5 டெசிபல் போகும். 11 கிகாஹெர்ட்ஸில் அதில் பாதிதான் போகும். 80 கிகாஹெர்ட்ஸில் 20 டெசிபலை நெருங்கிவிடும். 10 கிலோமீட்டர் முழுக்க ஒரே மாதிரிக் கொட்டாது என்பதால் மொத்த இழப்பு அந்தப் பெருக்கலை விடக் குறைவு. இருந்தாலும் 20 டெசிபல் போவது எனக்குப் புதிதல்ல. துளிகள் விழும்போது தட்டையாகிவிடுவதால் வெர்ட்டிகல் போலரைசேஷனில், அதாவது அலை செங்குத்தாக அதிரும்படி அனுப்பினால், இழப்பு கொஞ்சம் குறையும். அலைவரிசைக்கு லைசென்ஸ் எடுக்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள்.

20 டெசிபல் போனால் இந்த ரேடியோ சாவதில்லை. ஒரு துடிப்பில் எத்தனை பிட் ஏற்றுவது என்பதற்கு மாடுலேஷன் என்று படிகள் உண்டு; மழை வலுக்க வலுக்க 1024 குவாமிலிருந்து 256, 64, 16 என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் மிக மெதுவான, மிக உறுதியான க்யூபிஎஸ்கேயில் போய் உட்காரும். முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் இடையே தாங்கும் சக்தியில் சுமார் 25 டெசிபல் வித்தியாசம். பிரோஷரில் 99.999 சதவீதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது, அதாவது வருடத்துக்கு ஐந்து நிமிடம்தான் லிங்க் இருக்காது என்பது, இதை நம்பித்தான். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த ஐந்து ஒன்பதுகள் க்யூபிஎஸ்கேக்கு. எனக்குப் பணம் தரும் 1024 குவாமுக்கு எத்தனை ஒன்பது என்று பிரோஷரில் தேடிப் பாருங்கள்.

56 மெகாஹெர்ட்ஸ் சேனலில் 1024 குவாம் எனக்கு 450 மெகாபிட் அளவுக்குத் தருகிறது. க்யூபிஎஸ்கேயில் அது 80, 90க்கு இறங்கிவிடும். இறங்கட்டும், மழையோடு யாரும் சண்டை போட முடியாது. என் சண்டை வேறு. ரேடியோ இறங்கிய விஷயம் ரேடியோவுக்கு மட்டும்தான் தெரியும். அதன் ஈதர்நெட் போர்ட் அப்போதும் ஒரு கிகாபிட் என்றே பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருக்கும். பின்னால் இருக்கும் ரவுட்டர் அதை நம்பி, சாயங்கால நேரத்து 300 மெகாபிட்டை அப்படியே அள்ளிக் கொட்டும். ரேடியோவில் பாக்கெட்டுகள் காத்திருக்கும் பஃபர் நிரம்பும், பிங், அதாவது பதில் வர ஆகும் நேரம், சில மில்லிசெகண்டிலிருந்து நூற்றுக்கணக்கில் ஏறும். வாடிக்கையாளர் போன் செய்து, 'நெட் இருக்கு, ஆனா எதுவும் ஓடல' என்பார். அவர் சொல்வது அட்சரசுத்தமாக உண்மை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இன்னொரு வழியாக 5 கிகாஹெர்ட்ஸ் பேக்கப் லிங்க் ஒன்று சும்மா கிடக்கிறது. மழை அதைத் தொடாது. 18 ஒரேயடியாகச் செத்திருந்தால், லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று ரவுட்டர்கள் விடாமல் பார்க்கும் பிஎஃப்டி ஒரு செகண்டுக்குள் கண்டுபிடித்து, ரவுட்டரில் வழியைத் தேர்ந்தெடுக்கும் ஓஎஸ்பிஎஃப் டிராஃபிக்கை அங்கே திருப்பியிருக்கும். யாரும் போன் செய்திருக்க மாட்டார்கள். இதுவோ சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை, இழுத்துக்கொண்டு கிடக்கிறது. 'இருக்கிறேன்' என்று ரவுட்டர்கள் சொல்லிக்கொள்ளும் ஹலோ பாக்கெட்டுகள் மட்டும் ஒழுங்காகப் போய் வருவதால் ஓஎஸ்பிஎஃப் கண்ணுக்கு எல்லாம் சுபம்.

குறைந்தபட்ச மாடுலேஷன் என்று ஒரு வசதி உண்டு. 64 குவாமுக்குக் கீழே போனால் போர்ட்டை நீயே இறக்கிவிடு, அதாவது அணைத்துவிடு, என்று ரேடியோவிடம் சொல்லி வைக்கலாம்; டிராஃபிக் பேக்கப்புக்குப் போய்விடும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான். அது இந்த மாடலில் இருக்கிறது. மெனுவில் கண்ணுக்குத் தெரிகிறது, சாம்பல் நிறத்தில். திறக்க வேண்டுமென்றால் லைசென்ஸ் கீ வாங்க வேண்டும், இரு முனைக்கும் தனித்தனியாக. வேகத்துக்குக் கீ போட்டு விற்பதைப் பொறுத்துக்கொண்டேன், தொழிலில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். முடியாதபோது முடியவில்லை என்று சொல்வதற்குமா தனிக் காசு?

கீ வாங்காமல் வேலை நடக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். கருவிகளின் நிலையை விசாரிக்கும் எஸ்என்எம்பியில் மாடுலேஷனைக் கேட்டு, இறங்கியிருந்தால் அந்த வழியை ஒதுக்கும்படி ரவுட்டரில் ஓஎஸ்பிஎஃப் காஸ்ட்டை ஏற்றும், வேகத்துக்கு வரம்பு வைக்கும் ஷேப்பரைக் குறைக்கும். ஓடுகிறது, ஆனால் நொண்டிக்கொண்டு. ரேடியோவின் மேனேஜ்மென்ட் பக்கம் அவ்வளவு மந்தம். அது பதில் சொல்லி முடிப்பதற்குள் மழை இரண்டு படி இறக்கிவிட்டிருக்கும். உருப்படியாகக் கைகொடுத்தது ரேடியோவுக்குள்ளேயே இருக்கும், அவசரமானதை முன்னால் விடும் கியூக்கள். எது அவசரம் என்று சொல்ல பாக்கெட்டில் டிஎஸ்சிபி என்ற ஐபி குறி இருந்தால் போதாது, இது 802.1பி என்ற ஈதர்நெட் குறியைத்தான் பார்க்கிறது. சுவிட்சில் ஒன்றை மற்றதாக மாற்றிக் கொடுத்த பிறகு, க்யூபிஎஸ்கேயில் கிடக்கும்போதுகூட வாய்ஸ் கால் உடைவதில்லை. அதற்குக் கீ கேட்கவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

நியாயம் என்று வந்தபின் இதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது பேண்ட்வித் எவ்வளவு என்று ரேடியோவே ரவுட்டருக்குச் சொல்ல ஒரு தரமுறை இருக்கிறது, ஒய்.1731இல் ஈதர்நெட் பேண்ட்வித் நோட்டிஃபிகேஷன் என்று. ரேடியோ சொன்னாலும் கேட்கத் தெரிந்த ரவுட்டர்கள் குறைவு. எங்களைப் போன்ற சின்ன ஆட்கள் வாங்கும் பெட்டிகளில் அதைத் தேடாதீர்கள். பாதிப் பழி அந்தப் பக்கமும் போக வேண்டும்.

நண்பர் 80 கிகாஹெர்ட்ஸ் பற்றியும் கேட்டார், 10 கிகாபிட் ஆசையில். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு என்றால் யோசிக்கலாம். 60 செ.மீ. டிஷ்ஷில் பீம் அரை டிகிரிதான், டவர் ஆடாமல் நிற்க வேண்டும். 10 கிலோமீட்டருக்கு வேண்டாம்.

ஆக, வாங்கலாமா? நான் தொட்ட ரேடியோக்களில் இவ்வளவு உறுதியானது வேறில்லை. ஆனாலும் வாங்காதீர்கள். நேற்று ராத்திரி மழையில் வந்த போன்களுக்குப் பதில் சொன்ன வாயால் வேறு தீர்ப்பு வராது. போர்ட்டை இறக்கும் வசதியைக் கீ இல்லாமல் தரும் ரேடியோ, ஒரு படி குறைந்த மாடுலேஷனோடு வந்தாலும் அதை எடுங்கள். விலை குறைந்திருக்கிறது என்று இதையே எடுப்பதானால், அந்தக் கீயையும் அதே விலைக்குள் எழுதித் தரச் சொல்லுங்கள், இரண்டு முனைக்கும். பர்ச்சேஸ் ஆர்டர் கையில் இருக்கும்வரைதான் விற்பவர் போன் எடுப்பார்.