மடிக்கட்டி ஆபரேஷன்: பில்லில் இருந்த வலி மருந்து நாய்க்குப் போகவில்லை

கோவையில் ஒரு தனியார் கிளினிக்கில் எங்கள் ஜூலிக்கு மடிக்கட்டி ஆபரேஷன் செய்தோம். ₹24,000 பில். மார்பு எக்ஸ்ரே, பயாப்ஸி (எடுத்த கட்டியை லேபில் சோதிப்பது), வலி சிகிச்சை எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் காசு போட்டிருந்தார்கள். நடந்தது எக்ஸ்ரே மட்டும்தான்.

ஜூலி 9 வயதுப் பொமரேனியன், கருத்தடை செய்யாதவள். இடப்பக்கம் கடைசி இரண்டு காம்புகளைச் சுற்றிக் கட்டிகள். நாய்க்கு வழக்கமாக ஐந்து ஜோடி மடி உண்டு, கட்டி அதிகம் வருவது பின்னால் இருக்கும் இந்த இரண்டு ஜோடிகளில்தான். அந்தப் பக்க வரிசையையே முழுசாக எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அதில் எனக்குக் குறை இல்லை, பல கட்டிகள் இருந்தால் அப்படிச் செய்வது உண்டு. ஆனால் அந்தக் காயம் நெஞ்சிலிருந்து தொடை இடுக்கு வரை நீளும். அவ்வளவு பெரிய தையலோடு அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் கொடுத்தது ஆன்டிபயாடிக் மாத்திரையும் ஒரு களிம்பும்.

இரவு முழுக்க அவளால் படுக்க முடியவில்லை. நின்றபடியே நடுங்கினாள், மூச்சு வாங்கினாள், தண்ணீரைக்கூடத் தொடவில்லை. போன் செய்தால் காம்பவுண்டர் சொன்ன பதில்: "நாய்க்கு அவ்வளவு வலி தெரியாது சார். வலி மருந்து கொடுத்தா குதிச்சு தையலைப் பிச்சுக்கும்." இதை வேறு ஊர்க்காரர்களும் கேட்டிருப்பீர்கள். சுத்தப் பொய். தையலைக் காப்பாற்றக் கழுத்தில் கோன் மாட்டலாம், கயிற்றில் கட்டி நடத்தலாம். வலியில் கிடக்கும் நாய் சாப்பிடாது, காயம் ஆறவும் நாளாகும்.

மறுநாள் சண்டை போட்ட பிறகு ஓர் ஊசி போட்டார்கள். தட்டில் கிடந்த மருந்துக் குப்பியைப் பார்த்தால் மனிதர்களுக்கான வலி மருந்து டைக்ளோஃபெனாக்! இது போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததால் 2006-லேயே கால்நடை உபயோகத்துக்குத் தடை செய்யப்பட்ட மருந்து. நாய்க்கு இது வயிற்றைப் புண்ணாக்கும், கிட்னியையும் பாதிக்கும். ஜூலி வாந்தி எடுத்தாள், மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது.

அப்புறம்தான் வேறு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் முதலில் வலியை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோல் என்ற படிவத்தை எடுத்தார். நாய் எப்படி நிற்கிறது, நடக்கிறது, காயத்துக்குப் பக்கத்தில் தொட்டால் என்ன செய்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவது. மொத்தம் 24, அதில் 6 வந்தாலே வலி மருந்து தேவை. ஜூலி அதை எப்போதோ தாண்டியிருந்தாள். டைக்ளோஃபெனாக் உடம்பில் இருக்கும்போது மெலாக்ஸிகாம் மாதிரி அதே வகை வலி மருந்தைச் சேர்க்கக் கூடாது என்பதால், வேறு வகை வலி மருந்துகளான புப்ரினார்ஃபின் ஊசியும் காபாபென்டினும் கொடுத்து, வயிற்றுப் புண்ணுக்கும் மருந்து போட்டார். அன்று மாலை படுத்துத் தூங்கினாள்.

ஒழுங்காக நடந்திருந்தால் எப்படி என்று அவரையே கேட்டேன். கத்தி வைக்கும் முன்பே ஓபியாய்டு வகை (மார்ஃபின் மாதிரியான) வலி ஊசி ஒன்று. காயத்தின் ஓரங்களில் புப்பிவகெய்ன் போட்டு மரத்துப்போகச் செய்வது. கிட்னி நன்றாக இருந்தால் வீட்டில் சில நாளைக்கு மெலாக்ஸிகாம். இதில் அபூர்வமான மருந்து எதுவும் இல்லை.

இனி பயாப்ஸி. நாய்களின் மடிக்கட்டியில் ஏறக்குறையப் பாதி புற்றுநோய்தான். கையால் தொட்டோ, ஊசியில் உறிஞ்சி எடுத்துப் பார்த்தோ உறுதியாகச் சொல்ல முடியாது, கட்டியை ஃபார்மலினில் போட்டு லேபுக்கு அனுப்ப வேண்டும். "ரிப்போர்ட் வரும் வரும்" என்று இழுத்தார்கள். கடைசியில் நானே லேபைக் கூப்பிட்டுக் கேட்டால், அப்படி ஒரு சாம்பிளே வரவில்லை என்றார்கள். கட்டி குப்பைக்குப் போய்விட்டது. அது எந்த வகை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதனால் மறுபக்க மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டும், நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று அவ்வப்போது மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டும் இருக்கிறோம்.

உங்கள் வீட்டில் இந்த ஆபரேஷன் வந்தால், மயக்க ஊசி போடும் முன்பே வலி மருந்தின் பெயர்களைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கட்டி போட்ட பாட்டிலைக் கண்ணால் பாருங்கள், லேப் ரசீதை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டாம், காசு நம்முடையது.

மாநிலக் கால்நடை மருத்துவ கவுன்சிலுக்குப் புகார் எழுதிவிட்டேன், நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் பேப்பர் தயாராகிறது. நேற்று கிளினிக்கிலிருந்து போன்: கூகுளில் எழுதியதை எடுத்தால் பயாப்ஸி காசை மட்டும் திருப்பித் தருவார்களாம். வலி சிகிச்சைக்கு வாங்கிய காசு என்ன ஆச்சு என்றேன். "ஊசி போட்டோமே சார்" என்றார்கள்.