எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் புது டாக்டர்: கோபியா, ஈரோடா, கோயம்புத்தூரா?

எனக்கு வயிற்றில் பைபாஸ் செய்து ஆறு வருஷம் ஆகிறது. ஆபரேஷன் செய்த டாக்டர் போன வருஷம் கோயம்புத்தூரை விட்டே போய்விட்டார். இனி யாரிடம் காட்டுவது? நான் இருப்பது கோபியில். உள்ளூர்க் குடும்ப டாக்டர், ஈரோட்டில் ஒரு சர்க்கரை டாக்டர், கோயம்புத்தூரில் இதே ஆபரேஷனைச் செய்கிற வேறொரு சர்ஜன் என்று மூன்று வழி இருந்தது. எது சரி என்று பிடிபடாமல் மூன்று பேரையுமே பார்த்துவிட்டேன்.

முதலில் உள்ளூர். வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. மாமனாருடைய பிரஷர் முதல் பையனுக்கு அம்மை போட்டது வரை அவருக்குத் தெரியும். "என்ன அம்மிணி, ஆளையே காணோம்?" என்றார். "பைபாஸ் பண்ணியிருக்குதுங்க" என்றேன். உடனே ஈசிஜி எடுக்கிற பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார். நெஞ்சில் இல்லீங்க, வயிற்றில் என்று சொல்லி, அவருடைய மருந்துச் சீட்டின் பின்பக்கத்திலேயே படம் போட்டுக் காட்டினேன். மேலே இரண்டு மேசைக்கரண்டி பிடிக்கிற சின்னப் பை, அதிலிருந்து நேராகச் சிறுகுடல், மீதி இரைப்பைப் பக்கம் சோறே போகாது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

நான் போனது முழங்கால் வலிக்கு. டைக்ளோஃபெனாக் எழுதினார். அந்த வகை வலி மாத்திரை பைபாஸ் ஆனவர்களுக்கு, பையும் குடலும் சேருகிற இடத்தைப் புண்ணாக்கிவிடும். சொன்னேன். அதை அடித்துவிட்டு பாராசிட்டமால் எழுதினார். கோபப்படவில்லை, எனக்கு அதுவே பெரிய விஷயம். பேஷன்ட் வாயைத் திறந்தாலே முகம் சுளிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஈரோட்டு டாக்டர் விஷயத்தில் எனக்கு இரண்டு மனசு. காங்கேயத்தில் ஒரு கல்யாணத்தில் ஒப்புட்டு இரண்டு சாப்பிட்டேன். இரண்டு மணி நேரத்தில் கை நடுங்கி, ரவிக்கை நனைகிற அளவுக்கு வேர்த்துவிட்டது. பிரஷர் என்றார்கள், கண்ணுபட்டுவிட்டது என்றார்கள். ஈரோட்டுக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழிச்சு?" பைபாஸ் ஆனவர்களுக்கு இனிப்பு கிடுகிடுவென்று குடலுக்கு இறங்கும், சர்க்கரை ஏறும், உடம்பு இன்சுலினை அள்ளிக் கொட்டும். அப்புறம் 1 முதல் 3 மணி நேரத்துக்குள் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். இதைப் பிடித்தவர் அவர் மட்டுமே.

ஆனால் அங்கே எடை மெஷின் ஹாலின் நடுவில் இருக்கிறது. நர்ஸ் எடையைச் சத்தமாகப் படிப்பார். எனக்கு 8 கிலோ திரும்ப ஏறியிருந்தது. "ஆபரேஷன் பண்ணியுமா?" என்று கேட்டார், நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு வருஷத்தில் எடை அடிமட்டத்துக்கு வந்து, பிறகு கொஞ்சம் ஏறுவது பலருக்கும் நடப்பதுதான். அந்தக் கேள்விக்குப் பயந்தே டாக்டர் பக்கம் போகாமல் இருக்கிறவர்கள் உண்டு. நானே ஒன்றரை வருஷம் போகாமல் இருந்தவள்.

கோயம்புத்தூர் சர்ஜன் உட்காரச் சொன்னதும் கேட்ட முதல் கேள்வி, "ஸ்லீவா, பைபாஸா?" (ஸ்லீவ் என்பது இரைப்பையை நீளவாக்கில் வெட்டிச் சின்னதாக்குகிற இன்னொரு வகை எடைக்குறைப்பு ஆபரேஷன்.) அங்கேயே பாதி நிம்மதி. பி12, ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு இருப்பு), ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் (கால்சியத்தைக் கட்டுப்படுத்துவது) என்று ரத்த டெஸ்ட் எழுதித் தந்தார். இதை வருஷா வருஷம் பார்க்க வேண்டும், ஆயுசுக்கும். கால்சியம் கார்பனேட் மாத்திரையை நிறுத்தி சிட்ரேட்டுக்கு மாற்றினார். இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி விடச் சொன்னார். நான் இரண்டையும் காலையில் ஒன்றாக முழுங்கிக்கொண்டிருந்தேன்!

குறை என்றால் 80 கிலோமீட்டர். போக வர ஒரு நாள் காலி, டெஸ்ட்டுக்கும் செலவு கனம். டயட்டீஷியன் கொடுத்த சார்ட்டில் ஓட்ஸும் பனீரும்தான், கொள்ளுப் பருப்புக்கு இடமே இல்லை. புரோட்டீன் 60 கிராம் வர வேண்டும் என்ற கணக்கை மட்டும் வாங்கிக்கொண்டு, முட்டையும் கொள்ளும் தயிருமாக நானே சரிக்கட்டிக்கொள்கிறேன்.

வீடியோவில் பார்க்கலாமே என்றால், ரிப்போர்ட்டை வைத்துப் பேச அது போதும். வயிற்றை அமுக்கிப் பார்க்க முடியாது.

இப்போதைக்கு நான் செய்வது இது. காய்ச்சல், வலி, மாதாந்திர பி12 ஊசி எல்லாம் கோபியில். வருஷத்துக்கு ஒரு தடவை கோயம்புத்தூர். ஈரோட்டுக்கு இனி போவதாக இல்லை, ஆனால் சர்க்கரை மாத்திரை இன்னும் ஓடுகிறவர்கள் அவரையோ அவர் மாதிரி ஒருவரையோ விட வேண்டாம். பைபாஸ் ஆனவர்களுக்குத் திடீரென்று கடுமையான வயிற்று வலி வந்தால் கேஸ் மாத்திரையோடு உள்ளூரில் உட்காரக் கூடாது. உள்ளே குடல் சிக்கியிருக்கலாம், நேரே பெரிய ஆஸ்பத்திரிதான். நாள் கணக்கில் வாந்தி எடுத்தால், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் (வைட்டமின் பி1) கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளை பெற நினைக்கிறவர்கள் ஆபரேஷனுக்கு அப்புறம் 12 முதல் 18 மாதம் தள்ளிப்போட்டு, சர்ஜனையும் கேட்டுக்கொள்வது நல்லது. இந்த மூன்றிலும் அக்கம்பக்கத்து யோசனை உதவாது.

எந்த டாக்டரிடம் போனாலும் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஆபரேஷன் குறிப்பும் கையில் இருக்க வேண்டும். மருத்துவ கவுன்சிலின் 2002 விதிப்படி டாக்டர்கள் உள்நோயாளி ஆவணங்களை 3 வருஷம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். நான் மூன்றாவது வருஷ முடிவில் கேட்டு வாங்கினேன், கொஞ்சம் தள்ளியிருந்தால் போயிருக்கும்.

அதன் ஜெராக்ஸ் ஒன்றைக் கோபி டாக்டரிடம் கொடுத்தேன். என் கார்டோடு ஸ்டேப்ளர் அடித்து, மேலே சிவப்புப் பேனாவில் எழுதினார்: "பைபாஸ். ஹார்ட் இல்லை."