பிரஷருக்கு நாட்டு மருந்து: எந்தப் பொட்டலத்துக்குக் காசு கொடுக்கலாம்?

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் 'பிரஷருக்கு' என்று கேட்டால் மருதம்பட்டைத் தூள், செம்பருத்திப் பூ, முருங்கை இலைப் பொடி என்று எடுத்து வைப்பார்கள். சில இடங்களில் சர்ப்பகந்தி வேரும் கிடைக்கும். நான்கையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

மருதம்பட்டையைத் தூளாக வாங்கவே வேண்டாம். அசல் சரக்கான நீர்மருதுப் பட்டை வெளியே வழவழப்பாக, வெளிறிய சாம்பல் நிறத்தில் இருக்கும், உட்புறம் செம்மை. கலப்படத்துக்கு வரும் கருமருதுப் பட்டை முதலைத் தோல் போல வெடித்துக் கறுத்திருக்கும். தூளாகிவிட்டால் எது எதுவென்று கண்ணால் சொல்ல முடியாது. திருவிடைமருதூரில் தலமரமே மருதுதான், ஆற்றங்கரையில் அதைப் பார்த்துப் பழகியவர் கடையில் ஏமாறமாட்டார். 5 கிராம் பட்டையை இடித்து, 200 மில்லி தண்ணீரில் சிறு தீயில் 50 மில்லியாகச் சுண்டவிட்டால் கஷாயம் தயார். இரும்புச் சட்டி ஆகாது. பட்டையின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து மை போலக் கறுத்துவிடும். சரக்கு நல்ல சரக்குதான். ஆனால் இதன்மீது நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் நெஞ்சுவலிக்கும் இதயச் செயலிழப்புக்கும். பிரஷரை இறக்கும் என்பதற்கு ஆதாரம் மெலிவு.

செம்பருத்தியில்தான் பெரிய குழப்பம். 2010-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 65 பேர் இரு பிரிவாக 6 வாரம் தினம் 3 கோப்பை பானம் குடித்தார்கள்: ஒரு பிரிவுக்குச் செம்பருத்தி, இன்னொன்றுக்குப் போலி பானம். செம்பருத்தி குடித்தவர்களுக்கு மேல் அளவு (சிஸ்டாலிக்) சராசரியாக 7.2 புள்ளி இறங்கியது, போலி பானம் குடித்தவர்களுக்கு 1.3 மட்டும். பொட்டலம் விற்பவர்கள் காட்டும் ஆதாரம் இந்த மாதிரி ஆய்வுதான். ஆனால் அது வாசலில் பூக்கும் செம்பருத்தி அல்ல. புளிச்சக்கீரை இனத்தில் காயை மூடியிருக்கும் சிவந்த, தடித்த புல்லி இதழ், ரோசெல் என்பார்கள். ஒன்றை வாயில் போட்டு மென்று பாருங்கள்: சுள்ளென்று புளித்தால் அதுதான். கொழகொழவென்று வந்தால் வாசல் பூ, தலைக்குத் தேய்க்கலாம். சரியான சரக்கு என்றால் ஒரு கோப்பைக்கு 1.25 கிராம், 240 மில்லி வெந்நீரில் 6 நிமிடம் ஊறினால் போதும். அந்த ஆய்வில் இருந்தவர்கள் பிரஷர் லேசாகக் கூடியவர்கள், மாத்திரை சாப்பிடாதவர்கள். மேல் அளவு 170-ஐத் தொடுபவருக்கு இது மாத்திரைக்கு ஈடாகாது.

சர்ப்பகந்தி நிஜமாகவே வேலை செய்யும், அதனால்தான் வேண்டாம். 1952-இல் இதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்துப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டு உலகமெங்கும் பிரஷர் மாத்திரையானது. வேருக்கு வேர் வீரியம் மாறும். அளவு மிஞ்சினால் மூக்கடைப்பு, நாடி மந்தம், வயிற்றுப் புண், மனச்சோர்வு வரும். பாம்புகளா வேரும் இதன் பெயரில் கலந்து வருவதுண்டு. வைத்தியர் எழுதிக் கொடுக்காமல் வாங்காதீர்கள்.

முருங்கைப் பொடிக்குக் காசு எதற்கு? கொல்லையில் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் பொட்டாசியத்துக்காக யோசிக்க வேண்டும்.

'பிரஷர் கலவை' என்று பல மூலிகை சேர்த்து விற்றால் பட்டியலில் அதிமதுரம் இருக்கிறதா பாருங்கள். அது உடம்பில் உப்பைத் தங்கவைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றி பிரஷரை ஏற்றும். பக்கத்திலேயே விற்கும் இந்துப்பும் பெரும்பங்கு அதே சோடியம் குளோரைடுதான்.

வாங்கியது வேலை செய்கிறதா என்று பார்க்க, குடிக்கத் தொடங்கும் முன்பே ஒரு வாரம் பிரஷரை அளந்து எழுதுங்கள். டிகிரி காபி குடித்து அரை மணி நேரம் கழிய வேண்டும். 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையில் சுற்றும் கருவியின் பட்டை மார்பு மட்டத்தில் இருக்க, 1 நிமிட இடைவெளியில் இரண்டு தடவை, காலையும் மாலையும். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றதைச் சராசரி எடுங்கள். வீட்டில் 135/85-க்கு மேல் நின்றால் அது கூடுதல். பிறகு ஒரே ஒரு மூலிகை, 4 முதல் 6 வாரம், கடைசி வாரம் மறுபடி அதே அளவீடு. அந்த நாட்களில் கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாயைக் குறைத்தால் இறங்கியதற்குக் காரணம் பொட்டலமா உப்பா என்று தெரியாது. வழக்கமான சாப்பாடே தொடரட்டும்.

மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சில வகைகளைத் திடீரென்று விட்டால் பிரஷர் முன்பைவிட எகிறும். குடிக்கும் கஷாயத்தின் பெயரை மாத்திரை தரும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியரிடமும்தான்.