மழை, வயல், கல்வெட்டு: டெல்டாவில் யார் சொல்வதை எதற்கு நம்புவது?

காவிரி டெல்டாவில் ஒருவருக்குத் தகவல் இரண்டு வழியில் வந்து சேர்கிறது. ஒன்று, வானிலை மையம், வேளாண்மைத் துறை, பல்கலைக்கழகம், தொல்லியல் துறை என்று பெயரும் பொறுப்பும் உள்ள இடங்களிலிருந்து. இன்னொன்று, பக்கத்து ஊர்க்காரர் வாட்ஸ்அப்பில் போடும் குரல் பதிவு, யூடியூபில் வரும் வயல் வீடியோ, ஃபேஸ்புக்கில் ஒருவர் எழுதும் கோயில் வரலாறு என்று ஆளாளுக்குச் செய்து போடுவதிலிருந்து. இரண்டாவது வழி திறந்ததால் ஜனங்களுக்கு விவரம் வந்துவிட்டது என்கிறார்கள் சிலர். அரைகுறைதான் பெருகியது, தரம் போய்விட்டது என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டு கட்சியிலும் என்னால் முழுதாகச் சேர முடியவில்லை. மழையைக் கேட்டால் ஒரு பதில் வருகிறது, பெரிய கோயிலைக் கேட்டால் வேறு பதில், நெல்லைக் கேட்டால் இன்னொன்று. சொன்னது தப்பு என்று தெரிய எத்தனை நாள் ஆகிறது, தெரிந்த பிறகு அது சொன்னவர் காதுக்குப் போகிறதா என்ற இரண்டையும் வைத்துத்தான் நான் தரம் பிரிக்கிறேன்.

மழை

இந்திய வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாக முன்னறிவிப்பு தருகிறது. விவசாயிகளுக்கென்று செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வேளாண் வானிலை அறிக்கை வருகிறது. ஆனால் அறுப்பு மெஷினுக்குப் பேசி வைத்திருப்பவருக்கு 'ஓரிரு இடங்களில் மழைக்கு வாய்ப்பு' என்ற வரி போதாது. மன்னார்குடிப் பக்கமா கோடியக்கரைப் பக்கமா, இன்று ராத்திரியா நாளை மதியமா என்பதுதான் அவர் கேள்வி. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் காலம் தப்பிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற பயிர் சாய்ந்தது. ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கும் அளவுக்குச் சேதம். அந்த நேரத்தில் ஒரு நாள் முன்கூட்டித் தெரிவது ஒரு போகத்தையே காப்பாற்றும்.

இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் தனி ஆட்கள். 'தமிழ்நாடு வெதர்மேன்' என்ற பெயரில் எழுதும் பிரதீப் ஜான் வானிலைத் துறை ஊழியர் இல்லை. ஆர்வத்தால் கற்றுக்கொண்டவர். டெல்டாவிலும் அப்படி எழுதுகிறவர்கள் வந்தார்கள். நாம் பேசுகிற தமிழில், ஊர் பேர் சொல்லி, மேகம் எங்கே நிற்கிறது என்று விளக்குகிறார்கள். இவர்கள் ஏன் தேறினார்கள் என்றால், மழை மறுநாளே பதில் சொல்லிவிடும். தப்பாகச் சொன்னால் ஆயிரம் பேர் கீழே வந்து கேட்பார்கள். அந்தக் கேள்விகளே அவர்களைப் பக்குவப்படுத்தியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவர்கள் பார்ப்பது பெரும்பாலும் அரசின் ராடார் படத்தைத்தான். காரைக்கால் ராடார் படங்களை வானிலை மையம் எல்லோருக்கும் திறந்து வைக்காமல் இருந்திருந்தால் இவர்களால் இவ்வளவு எழுதியிருக்க முடியாது.

புயல் என்றால் கதை வேறு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது எச்சரிக்கை சரியாகவே வந்தது, மக்களை முன்கூட்டியே முகாம்களுக்கு அனுப்பினார்கள். அது நிறுவனத்தின் வேலை, அதை எந்தத் தனி ஆளாலும் செய்ய முடியாது. ஆனால் அடுத்த நாள்களில் தென்னை சாய்ந்த ஊர்களின் படத்தை வெளியே கொண்டுவந்தது, எந்த ஊருக்கு இன்னும் குடிதண்ணீர் போகவில்லை என்று சொல்லிச் சொல்லி ஆள் சேர்த்தது, கையில் போன் வைத்திருந்த சாதாரண ஜனங்கள்.

ஐப்பசி கார்த்திகையானால் 'மிரட்ட வரும் அசுரப் புயல்' என்று படம் போட்டு ஆள் பிடிக்கும் சேனல்களும் இருக்கின்றன. ஊரும் தேதியும் சொல்லாத முன்னறிவிப்பைப் பார்க்காமலே தள்ளிவிடலாம். தப்பு என்று பிடிபடாமல் இருப்பதற்காகவே அவற்றைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

தண்ணீரும் கொள்முதலும்

இங்கே எனக்குச் சந்தேகமே இல்லை, மக்கள் போடும் தகவல்தான் மேல். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பது வழக்கம். அணையின் மட்டம் இத்தனை அடி, கல்லணையில் காவிரிக்கு இவ்வளவு, வெண்ணாற்றுக்கு இவ்வளவு கன அடி என்று அரசு கணக்குத் தருகிறது. கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் வாய்க்கால் முடியும் கடைமடைக்கு வந்ததா என்பது அந்தக் கணக்கில் இல்லை. காய்ந்து கிடக்கும் பாசன வாய்க்காலில் நின்று ஒருவர் எடுக்கும் அரை நிமிட வீடியோதான் அதைச் சொல்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையமும் அப்படித்தான். எங்கே சாக்கு தீர்ந்துவிட்டது, எங்கே ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்புகிறார்கள், எங்கே 40 கிலோ மூட்டைக்குக் கூடுதலாக நெல் வாங்குகிறார்கள் என்பதை எந்த அலுவலகமும் அறிவிக்காது. எழுத்து நடை, வீடியோவின் தரம் இதையெல்லாம் வைத்து இந்தப் பதிவுகளை மட்டமானவை என்று சொல்கிறவர்கள், களத்துமேட்டில் நெல்லைக் கொட்டி வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் வந்து சொல்லட்டும்.

பெரிய கோயில்

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் விமான நிழல் தரையில் விழாது என்ற ஃபார்வர்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மாலையில் உள்ளே போய்ப் பிராகாரத்தில் நின்றால் நிழல் நம் காலடியிலேயே கிடக்கிறது. ஆனாலும் அந்தச் செய்தி சாகவில்லை. அதை அனுப்புகிறவருக்கு எந்த நஷ்டமும் இல்லை, கோயில் எழுந்து வந்து மறுக்கப் போவதும் இல்லை.

எனக்கு ஆத்திரம் வருவது இந்தப் பொய்யினால் மட்டும் இல்லை, இது மறைத்துவிடுகிற உண்மையினால். 1010-ஆம் ஆண்டையொட்டி முடிந்த அந்தக் கோயிலின் சுவரில், அரசர் கொடுத்தது, அவருடைய அக்கா குந்தவை கொடுத்தது, அரசிகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாம் வெட்டி வைத்திருக்கிறார்கள். பொன்னை எந்த எடைக்கல்லால் நிறுத்தார்கள் என்பது வரை இருக்கிறது, 'ஆடவல்லான்' என்று அந்தக் கல்லுக்குப் பெயர். கோயிலில் ஆடப் பணியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு, ஆளுக்கு 100 கலம் நெல் என்று வரிசையாக இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பெண்களின் பெயரை வீட்டு எண்ணோடு வைத்திருக்கும் ஒரு சுவரைப் பார்த்து, நிழல் விழாது என்று வியந்துவிட்டு வருகிறோம்.

இந்தக் கல்வெட்டுகளைப் படித்துச் சொல்வது தொல்லியல் துறை என்பதால், இந்த ஒப்பீட்டில் நிறுவனத்துக்குத்தான் என் ஓட்டு. ஆனால் நிறுவனமும் இதில் குற்றமில்லாமல் இல்லை. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள், அதாவது கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுத்த படிகள், ஆயிரக்கணக்கில் மைசூரிலுள்ள தொல்லியல் துறை அலுவலகத்தில் அச்சேறாமல் கிடந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர 2021-இல் உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. அறிந்தவர்கள் பூட்டி வைத்துக்கொண்டு, அறியாதவர்கள் கதை கட்டுகிறார்கள் என்று குறைப்பட்டுப் பயனில்லை.

களஞ்சியமும் விக்கிப்பீடியாவும்

தஞ்சாவூரில் 1981-இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம் வாழ்வியலுக்கும் அறிவியலுக்கும் தனித்தனிக் களஞ்சியங்களைப் பல தொகுதிகளாகக் கொண்டுவந்தது. துறை அறிந்தவர்கள் எழுதியவை. நூலகத்துக்குப் போனால்தான் கிடைக்கும், அச்சான ஆண்டோடு அறிவும் நின்றுவிடும். 2003-இல் ஆரம்பித்த தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சம் கட்டுரைகளுக்கு மேல் இருக்கின்றன. நம் ஊராட்சியின் கட்டுரையைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே வார்ப்பு: மக்கள்தொகை, குடிநீர் இணைப்பு, கைக்குழாய், மேல்நிலைத் தொட்டி எத்தனை என்று எண்கள். ஊர் எதற்குப் பேர்போனது, எந்த வாய்க்கால் பாய்கிறது என்பது பல கட்டுரைகளில் இல்லை. சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஊர்க்காரரே இன்று ராத்திரி உட்கார்ந்து அதைச் சரிசெய்யலாம், யார் எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறும் பக்கத்திலேயே இருக்கும். வாட்ஸ்அப் ஃபார்வர்டில் இது இரண்டும் கிடையாது. விக்கிப்பீடியாவையும் ஃபார்வர்டையும் 'இணையக் குப்பை' என்று ஒரே பெயரில் தள்ளுவது அநியாயம்.

உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோதுதான் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் உள்ள தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி இணையத்தில் ஏற்றினார்கள். பெரிய நூலகம் இல்லாத ஊரில் தமிழ் படிக்கும் ஒரு மாணவிக்கு இன்று சங்க நூல்கள் போனிலேயே கிடைக்கின்றன. மதுரைத் திட்டத்தை நடத்துவது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை.

பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வர இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்திருந்த ரசிகர்கள் அவற்றை இணையத்தில் ஏற்றியதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அதே இடத்தில் சுமாரான பாட்டும் குவிகிறது. சுமாரான பாட்டால் யாருடைய பயிரும் கருகாது.

வயல்

பயிர் கருகுவது இங்கேதான். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922 முதல் இருக்கிறது. 1960-களில் அங்கிருந்து வந்த ஏ.டி.டி. 27 ரகத்தைத் திருச்சி வானொலி வயல்தோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஜனங்கள் அதை 'ரேடியோ நெல்' என்றே சொன்னார்கள். ஒரு இடத்தில் ஆராய்ச்சி, ஒரு குரலில் அறிவிப்பு, மாவட்டம் முழுக்க ஒரே ரகம். விளைச்சல் பெருகியது. பழைய ரகங்கள் வயலைவிட்டு ஒதுங்கின.

அந்த ரகங்களை மீட்டவர்கள் விவசாயிகள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 170-க்கு மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் திரட்டினார். 2 கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. 2018 டிசம்பரில் அவர் காலமானார். அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, வாங்கினவர் விளைவித்துக் காட்டியாக வேண்டும் என்பதுதான். இன்று அதே ரகங்கள் இணையத்தில் பரவும்போது அந்த நிபந்தனை கழன்றுவிட்டது. கருப்பு கவுனி சாப்பிட்டால் சர்க்கரை நோய்க்கு மாத்திரையே வேண்டாம் என்று வீடியோ போடுகிறார்கள். அதைக் கேட்டு மாத்திரையை நிறுத்துகிறவரின் ரத்தப் பரிசோதனை முடிவு வீடியோ போட்டவருக்கு என்றைக்கும் போய்ச் சேராது.

புகையானை எடுத்துக்கொள்வோம். தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் பூச்சி. பயிர் வட்ட வட்டமாகக் காய்ந்து தீய்ந்தது போல் ஆகும்போதுதான் பலர் கவனிக்கிறார்கள். நடும்போதே பட்டம் விட வேண்டும் (நடுநடுவே நடாமல் இடைவெளி விடுவது), யூரியாவை அள்ளிப் போடக் கூடாது, தாக்குதல் தெரிந்தால் தண்ணீரை வடித்துவிட வேண்டும், மருந்து தூரில் படும்படி அடிக்க வேண்டும், செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்தைத் தொடவே கூடாது என்பது வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது. கடைசியாகச் சொன்னது முக்கியம். அந்த மருந்து புகையானைத் தின்னும் சிலந்தியையும் நாவாய்ப் பூச்சியையும் கொன்றுவிடும், அப்புறம் புகையான் முன்னைவிட அதிகமாகப் பெருகும்.

இந்த அறிவு நிறுவனத்திடம் இருக்கிறது, ஆனால் வருவதில்லை. ஒரு உதவி வேளாண்மை அலுவலர் பல கிராமங்களைப் பார்க்கிறார். வீடியோவோ ராத்திரி இரண்டு மணிக்கும் கிடைக்கிறது. 'இந்த இரண்டையும் கலந்து அடிங்க, மூணே நாளில் பூச்சி காலி' என்கிறது. மூன்று நாளில் குறைந்தது போலத்தான் தெரியும். மறுபடி பெருகும்போது விவசாயிக்குத் தெரியும், சேனலுக்குத் தெரியாது. பார்த்தவர் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். மழையில் தேறிய அதே இணையம் வயலில் தடுமாறுவது இதனால்தான்.

எல்லாச் சேனலும் இப்படி இல்லை. சொந்த வயலில் ரகத்தின் பேர், நட்ட தேதி, போட்ட உரம், ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கடைசிவரை காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தோற்ற போகத்தையும் காட்டுகிறார்கள். பரிந்துரை நூலில் இல்லாத, நம் மண்ணில் மட்டும் தெரியவரும் விஷயங்கள் அவர்களிடம் கிடைக்கின்றன. அவர்களைத் தேடிப் பிடித்துப் பின்தொடருங்கள். மருந்து விஷயத்துக்கு மட்டும், அடிப்பதற்கு முன் கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசிவிடுங்கள், தமிழிலேயே பேசலாம். வேளாண்மைத் துறையினருக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் வட்டாரத்து விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் நீங்களும் இருங்கள், தப்பான கலவை வரும்போது அங்கேயே மறுத்து எழுதுங்கள். மருந்து சொல்லும் வீடியோ எதைப் பார்த்தாலும் கீழே ஒரே ஒரு கேள்வி போடுங்கள்: இதே வயலைப் பதினைந்து நாள் கழித்துக் காட்டுவீர்களா?