மேல்தள ஆய்வு என்ற பெயரில் நடக்கும் வியாபாரம்: வீட்டு உரிமையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், சென்னையிலும் அதன் புறநகர்களிலும், வீட்டின் மேல்தளத்தைக் கருவிகளைக் கொண்டு ஆய்வு செய்து பொறியாளர் கையொப்பத்துடன் அறிக்கை தருவதாக விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. அப்படி விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்திடம் எங்கள் குடும்பம் ஆய்வுக் கட்டணமாக 8,500 ரூபாயும், அந்த ஆய்வை நம்பிப் பழுதுபார்ப்பு முன்பணமாக 1,20,000 ரூபாயும் கொடுத்தது. அவர்கள் தந்த அறிக்கையில் இருந்த சோதனை முடிவுகளில் பல, எங்கள் வீட்டில் செய்யப்படவே இல்லாத சோதனைகளுக்கு உரியவை. புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் அந்த அறிக்கை எந்தெந்த இடங்களில் பொய்த்தது என்பதைப் பொறியியல் படிக்காத ஒருவரும் கண்டுகொள்ள முடியும் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

வீடு குரோம்பேட்டைப் பகுதியில் 1993-ஆம் ஆண்டு கட்டப்பட்டது. தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்டது. கான்கிரீட் தளத்தின் மேல், அந்தக் காலத்து வழக்கப்படி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்திருக்கிறார்கள். சென்ற மழையில் மாடிப் படுக்கையறையின் கூரையில் ஓதம் படர்ந்தது. குளியலறையை ஒட்டிய மூலையில் காரை பெயர்ந்து விழுந்து, துருப்பிடித்த கம்பி ஒன்று வெளியே தெரிந்தது. அங்கே வசிப்பவர்கள் எழுபது வயதைக் கடந்த என் பெற்றோர். நான் வேலையின் பொருட்டு பெங்களூரில் இருக்கிறேன். கம்பி தெரிவதைக் கண்ட அப்பா, கொத்தனாரை அழைத்துப் பூசி மறைப்பதைவிட முறையான ஆய்வு ஒன்றைச் செய்து காரணத்தைக் கண்டறிவதே சரி என்று நினைத்தார். அவர் நினைத்தது முற்றிலும் சரி. அந்தச் சரியான எண்ணத்தைத்தான் அந்த நிறுவனம் பணமாக்கிக்கொண்டது.

இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ஒருவர் தம்மைப் பொறியாளர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். சுத்தியல் போன்ற ஒரு கருவியைக் கூரையின் பூச்சின் மீது சில இடங்களில் அழுத்திப் பார்த்தார்கள், இரண்டு ஊசிகள் கொண்ட ஈரமானியைச் சுவரிலும் கூரையிலும் குத்திக் காட்டினார்கள், நண்பகல் நேரத்தில் வெப்பப் படக் கருவியால் படம் பிடித்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. கிளம்பும் முன், தளம் எந்த நேரமும் இறங்கக்கூடும் என்றும், அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம் என்றும், மாடியில் துணி காயப்போடக்கூட ஏற வேண்டாம் என்றும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்றிரவே இருவரும் கட்டிலைக் கீழே கூடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். உறக்கமில்லாமல் கிடந்த முதியவர்களிடம் மறுநாள் 32 பக்க அறிக்கையும், தளம் முழுவதையும் பெயர்த்தெடுத்து நீர் கசியாமல் தடுக்கும் ரசாயனப் பூச்சும் மென்படலமும் போடுவதற்கு 4,80,000 ரூபாய்க்கான கொட்டேஷனும் ஒன்றாக வந்து சேர்ந்தன. இரண்டு நாளுக்குள் முன்பணம் கட்டினால் 15 விழுக்காடு தள்ளுபடி என்றும் அதில் எழுதியிருந்தது. உயிருக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டு, அதே தாளில் தள்ளுபடிக்குக் கெடு வைப்பது எந்தப் பொறியாளரும் செய்யத் தகாத செயல் என்றே நான் கருதுகிறேன். அப்பா பணம் கட்டிய பிறகுதான் எனக்கு விவரம் தெரிய வந்தது.

வேலை தொடங்கும் முன்பே நான் ஊருக்கு வந்து, உள்ளாட்சியில் பதிவு பெற்ற, பழுதுபார்ப்பு வேலை எதையும் எடுத்துச் செய்யாத ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்தேன். அவர் முதலில் அறிக்கையைப் படித்தார். பிறகு கூரையைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், வந்தவர்கள் எங்காவது கான்கிரீட்டை உடைத்துக் கம்பியைத் திறந்தார்களா என்று கேட்டார். இல்லை என்றார் அம்மா. அந்த ஒரு பதிலிலேயே அறிக்கையின் மிக அச்சமூட்டும் அட்டவணை சரிந்துவிட்டது.

அந்த அட்டவணை, கம்பிகளில் அரிப்பு நடக்கிறதா என்று அறியும் அரைமின்கல மின்னழுத்தச் சோதனைக்கு உரியது. கான்கிரீட்டின் மேற்பரப்பில் தாமிரம், தாமிர சல்பேட் கொண்ட மின்முனை ஒன்றை வைத்து, அதற்கும் உள்ளே இருக்கும் கம்பிக்கும் இடையிலான மின்னழுத்தத்தை அளப்பதே இந்தச் சோதனை. மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே போனால் அரிப்பு நடந்துகொண்டிருப்பதற்கான வாய்ப்பு 90 விழுக்காட்டுக்கு மேல் என்றும், மைனஸ் 200-க்கு மேலே நின்றால் அரிப்பு இல்லாமல் இருப்பதற்கான வாய்ப்பு அதே அளவு என்றும் கொள்வார்கள். எங்கள் அறிக்கையில் இருந்த எண்கள் எல்லாம் மைனஸ் 400-க்கும் கீழே இருந்தன. ஆனால் இந்தச் சோதனைக்கு மின்கம்பியின் ஒரு முனையைத் தளத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியோடு நேரடியாக இணைத்தாக வேண்டும். கூரையில் ஏற்கெனவே வெளியே தெரிந்த கம்பியிலும் எதையும் இணைக்கவில்லை, வேறெங்கும் உடைத்துத் திறக்கவும் இல்லை. அப்படியானால் அந்த எண்கள் எங்கள் வீட்டில் அளக்கப்பட்டவை அல்ல.

அடுத்தது மீயொலித் துடிப்புச் சோதனை. ஒலித்துடிப்பு கான்கிரீட்டின் ஊடாகச் செல்லும் வேகத்தைக் கொண்டு அதன் தரத்தை மதிப்பிடுவது இது. ஒரு பக்கம் அனுப்பியையும் எதிர்ப்பக்கம் வாங்கியையும் வைப்பது நேர்முறை. இரண்டையும் ஒரே பரப்பில் வைப்பது மறைமுக முறை, அதில் வேகம் குறைவாகவே காட்டும். எங்கள் அறிக்கை நேர்முறை என்றது. தளத்தின் மேற்பரப்பு சுண்ணாம்பு ஜல்லிக்கும் தட்டோட்டுக்கும் அடியில் இருக்கிறது. ஒரு தட்டோட்டைக்கூடப் பெயர்க்காமல் மேற்புறத்தில் கருவியை எப்படி வைத்தார்கள் என்று பின்னர் நான் எழுத்து மூலம் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

சுத்தியல் சோதனையை அவர்கள் உண்மையிலேயே செய்தார்கள், ஆனால் செய்யக் கூடாத இடத்தில் செய்தார்கள். கான்கிரீட்டின் மேற்பரப்புக் கடினத்தன்மையை, திரும்பித் தெறிக்கும் அளவைக் கொண்டு அறியும் இந்தக் கருவியை, பூச்சை நீக்கி, மேற்பரப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, உலர்ந்த நிலையில்தான் பயன்படுத்த வேண்டும். பூச்சின் மீது அழுத்தினால் பூச்சின் கடினம்தான் தெரியும். ஈரமான பரப்பில் அளவு குறைந்து காட்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவால் மேற்பரப்பு இறுகிப்போன பழைய கான்கிரீட்டிலோ அளவு கூடிக் காட்டும். முறைப்படி செய்தாலும், இதைக் கொண்டு சொல்லும் வலிமை ஏறத்தாழ 25 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று இந்தியத் தரநூலே எச்சரிக்கிறது. ஓதம் காத்த பூச்சின் மீது எடுத்த அளவை வைத்துக்கொண்டு, வலிமையில் 20 என்ற தரத்தில் இருக்க வேண்டிய கான்கிரீட் 9-க்கு இறங்கிவிட்டது என்று எழுதுவதற்கு எந்த அடிப்படையும் கிடையாது.

ஊசி ஈரமானியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டிலிருப்பவர்களை நம்ப வைப்பது அதன் சிவப்பு விளக்கும் ஒலியும்தான். அது அடிப்படையில் மரத்துக்கென அளவு குறிக்கப்பட்ட கருவி. கான்கிரீட்டிலும் பூச்சிலும் அது ஓர் இடத்தைவிட இன்னோர் இடம் ஈரமா என்று ஒப்பிட மட்டுமே உதவும். உப்பு பூத்த சுவரிலும் உலோகத்துக்கு அருகிலும் உலர்ந்த இடத்தைக்கூட ஈரம் என்று காட்டும். வெப்பப் படக் கருவியும் ஈரத்தைப் பார்ப்பதில்லை, வெப்பநிலை வேறுபாட்டைத்தான் பார்க்கிறது. வெயில் தாழ்ந்து தளம் குளிரத் தொடங்கும் நேரத்தில் எடுக்கும் படத்தை அனுபவமுள்ளவர் படித்தால் பயன் உண்டு. நண்பகலில் எடுத்து நீல நிறத்தைக் காட்டித் தண்ணீர் என்று சொல்வது ஏமாற்று.

இவை அனைத்தையும்விட எனக்குக் கோபமூட்டியது புகைப்படங்கள். அறிக்கையின் பின்பகுதியில் இருந்த மூன்று படங்களில் கைப்பிடிச் சுவரின் மேல் எவர்சில்வர் குழாய்க் கம்பி இருக்கிறது. எங்கள் வீட்டுக் கைப்பிடிச் சுவர் முழுக்கச் செங்கல், கம்பியே கிடையாது. வேறு யாருடைய வீட்டின் சிதைந்த தளத்தையோ எங்கள் முகவரியின் கீழ் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

புதிதாக வந்த பொறியாளர் செய்த ஆய்வு எப்படி இருந்தது என்பதையும் எழுதினால்தான் வேறுபாடு புரியும். அவர் கருவிப் பெட்டியைத் திறக்கும் முன் கேள்விகள் கேட்டார். கட்டியபோது எந்தத் தண்ணீரைப் பயன்படுத்தினார்கள், கசிவு மழை பெய்யும்போதே தெரிகிறதா அல்லது மறுநாளா, மழையில்லாத நாளிலும் ஓதம் இருக்கிறதா, மாடியில் கடைசியாக என்ன வேலை நடந்தது என்று கேட்டார். கடைசிக் கேள்விக்கான பதிலில்தான் காரணம் இருந்தது. முந்தைய ஆண்டு சூரிய ஒளியில் வெந்நீர் தரும் கலனைப் பொருத்த வந்தவர்கள், அதன் தாங்கியைத் தட்டோட்டில் துளையிட்டு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். பிறகு அவர் அறைகளின் வரைபடத்தைத் தாளில் போட்டு, கூரை முழுவதையும் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போய், உள்ளே காரை விலகியிருப்பதைக் காட்டும் வெற்றோசை வந்த இடங்களை அதில் குறித்தார். மாடியில் வாட்டத்தைச் சரிபார்த்து, மழைநீர்க் குழாயின் வாய்ப்பகுதியில் பூச்சு விலகியிருப்பதைக் காட்டினார். அதன் பிறகு குழாய் வாயை அடைத்து, மாடியைச் சிமெண்டு வரப்பால் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியே தண்ணீர் தேக்கி, கீழே எங்கே ஈரம் ஊறுகிறது என்று பார்க்கச் செய்தார். கலன் நிற்கும் பகுதியில் தேக்கியபோது மட்டும் படுக்கையறைக் கூரை நனைந்தது. நாள்கள் பிடிக்கும் சோதனைதான். ஆனால் கசிவின் இடத்தை இதைவிட நேர்மையாகக் காட்டும் கருவியை நான் பார்க்கவில்லை.

குளியலறை மூலையில் கம்பி அரித்தது உண்மையான பழுதுதான் என்பதை அவர் மறைக்கவில்லை. அங்கே கான்கிரீட்டைச் சிறிதளவு உடைத்து, பினாப்தலீன் கரைசலைத் தெளித்தார். கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை மாறாத கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். அதை இழந்த பகுதி நிறமற்றே இருக்கும். நிறமற்ற பகுதி கம்பியின் ஆழத்தைத் தாண்டியிருந்தது, கம்பியை மூடியிருந்த கான்கிரீட்டின் கனமும் குறைவாக இருந்தது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருப்பதால் மேலிருக்கும் காரையைத் தள்ளி உடைக்கிறது. அதனால் அந்த இடத்தைப் பூசி மறைக்காமல், கம்பியின் பின்புறம் வரை வெட்டி, துருவை நீக்கி, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். தளத்தின் மற்ற பகுதிகளில் இறங்கும் அபாயம் எதுவும் தென்படவில்லை என்றும், எந்தெந்தப் பகுதிகளைத் தாம் பார்க்க இயலவில்லை என்றும் அறிக்கையிலேயே குறிப்பிட்டார். வேலை முழுவதும், கலனின் தாங்கியை மாற்றி நிறுத்தியது உட்பட, 46,000 ரூபாயில் முடிந்தது. பெற்றோர் மீண்டும் மாடி அறைக்குப் போய்விட்டார்கள்.

ஆய்வுக்கு ஆளை அழைக்க இருப்பவர்கள், ஆய்வு செய்பவர் பழுதுபார்ப்பையும் விற்கிறாரா என்பதை முதலில் கேளுங்கள். விற்கிறார் என்றால் அவர் எவ்வளவு நல்லவராயினும் அந்த அறிக்கையைக் கொட்டேஷனாக மட்டுமே கருதுங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன் கீழ்ப் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரா என்று பதிவு எண்ணைக் கேட்கலாம். சோதனைக்கூடத்தின் பெயரைச் சொன்னால், அதன் அங்கீகாரத்தில் அந்தக் குறிப்பிட்ட சோதனை அடங்கியிருக்கிறதா என்றும் கருவியின் அளவுத்திருத்தச் சான்று எந்தத் தேதியுடையது என்றும் கேளுங்கள். ஒவ்வோர் எண்ணும் ஒவ்வொரு படமும் வீட்டின் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று வரைபடத்தில் குறிக்கப்படாத அறிக்கைக்கு மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். சோதனை நடக்கும்போது அருகில் நின்று, உங்கள் கைப்பேசியிலும் படம் எடுத்து வையுங்கள். எங்கள் அம்மா எதேச்சையாக எடுத்த ஒரு காணொளியில், சுத்தியல் பூச்சின் மீது அழுத்தப்படுவது தெளிவாகத் தெரிகிறது. இப்போது அதுவே எங்கள் முக்கியச் சான்று.

பணத்தைத் திருப்பிக் கேட்டு நான் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு முதலில் பதில் வரவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்து, இரண்டாவது பொறியாளரின் அறிக்கையையும் இணைத்த பிறகு, முன்பணத்தில் 90,000 ரூபாயைத் திருப்பி அனுப்பினார்கள். மீதியைப் பொருள் முன்பதிவுச் செலவு என்று பிடித்தம் செய்துகொண்டார்கள், அதற்கு ரசீது எதுவும் காட்டவில்லை. மீதி 30,000 ரூபாய்க்கும் ஆய்வுக் கட்டணத்துக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்குக்குக் காரணமான நிகழ்வு நடந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். இதே போன்ற அறிக்கையைப் பெற்றவர்கள், அதன் மூலப் பிரதியையும், பணம் கட்டிய சான்றையும், தள்ளுபடிக் கெடுவைச் சொல்லி வந்த குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். பழுதுபார்ப்பு வேலை தொடங்கித் தளம் பெயர்க்கப்படும் முன், வேறொரு பொறியாளரைக் கொண்டு கூரையின் நிலையைப் பதிவு செய்துவிடுங்கள். பெயர்த்த பிறகு, முதல் அறிக்கை உண்மையா பொய்யா என்று நிறுவ எந்தத் தடயமும் இருக்காது.