மோதிய பிறகு ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்: ரேஸ் கேம்களில் கார் டேமேஜ், எட்டு வருட அனுபவம்

பீம்என்ஜி டிரைவ் கேமில் இத்தாலி என்றொரு மேப் இருக்கிறது. மலைச்சரிவில் குறுகலான சாலைகள், ஓரத்தில் கல்சுவர். ஒருநாள் ராத்திரி இபிஷு கோவெட் என்கிற பழைய மாடல் சின்னக் காரில் அந்த மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் பிரேக்கைக் கொஞ்சம் தாமதமாக மிதித்தேன். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டியிருக்காது. முன்பக்க இடது மூலை சுவரில் இடித்தது. காதைப் பிளக்கும் சத்தமில்லை, கார் உருளவும் இல்லை. கேமராவை வெளியே கொண்டுபோய்ப் பார்த்தேன். பம்பர் ஒரு பக்கம் தொங்கியது, ஹெட்லைட் போயிருந்தது, பானெட்டில் ஒரு டொக்கு. அவ்வளவுதான்.

ரிவர்ஸ் எடுத்து மறுபடி கிளம்பியபோதுதான் வினை ஆரம்பித்தது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தால் கார் இடதுபக்கம் இழுத்தது. நேராகப் போக வேண்டுமானால் வீலைக் கொஞ்சம் வலதுபக்கம் திருப்பியே வைத்திருக்க வேண்டும். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் டெம்பரேச்சர் முள் நகரத் தொடங்கியது. ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று திரையின் ஓரத்தில் ஒரு சின்னச் செய்தி. இறக்கம்தானே என்று நியூட்ரலில் உருட்டினேன். சமதரை வந்ததும் இன்ஜினை அதிகம் முறுக்காமல் பெரிய கியரிலேயே ஊர்ந்தேன். பிரயோஜனமில்லை. கடைசியில் இன்ஜினுக்குள் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய், இழுவை குறைந்து குறைந்து, ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் கார் நின்றுவிட்டது. அரை மணிநேரம் இப்படி ஓடியிருக்கிறது. காரைப் பழையபடி புதிதாக்கும் ரீசெட் பொத்தான் விரலுக்கு அடியிலேயே இருந்தும் அழுத்தவில்லை.

எட்டு வருடமாகக் கார் கேம்கள் ஆடுகிறேன். முதல் நான்கு வருடம் கேம்பேடு, அப்புறம் காரின் இழுப்பையும் அதிர்வையும் கையில் உணர்த்தும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டீயரிங் வீல். இத்தனை நாளில் டேமேஜ் பற்றி எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்றே ஒன்று. ஒரு கேமில் மோதல் நிஜமாக இருக்கிறதா என்பதை மோதும் நொடியில் பார்க்காதீர்கள். அதற்கடுத்த பத்து நிமிடத்தில் பாருங்கள்.

பழைய கேம்களில் அந்தப் பத்து நிமிடம் என்பதே கிடையாது. கிரான் டூரிஸ்மோ வரிசை 1997-ல் தொடங்கியது. பார்வைக்குத் தெரியும் டேமேஜ் அதில் வந்தது 2010-ல், ஐந்தாம் பாகத்தில். அதுவரை சுவரில் முட்டினாலும் பெயின்ட் கலையாது. அதனால் வளைவில் பிரேக் பிடிக்காமல் சுவரோடு ஒட்டிக்கொண்டே திரும்புவதை ஒரு வித்தையாகவே பழகியவர்கள் உண்டு. நானும் பழகினேன், மறைப்பானேன். நீட் ஃபார் ஸ்பீட் வரிசை இதில் ஒரு வேடிக்கை. 1999-ல் வந்த ஹை ஸ்டேக்ஸில் கார் அடிபட்டால் ஓட்டத்தில் தெரியும், ரிப்பேருக்கு கேம் பணம் கட்ட வேண்டும். நான்கு வருடம் கழித்து வந்த அண்டர்கிரவுண்டில் டேமேஜே இல்லை. தொழில்நுட்பம் வளர வளர எல்லாம் நிஜமாகிக்கொண்டே போகும் என்று நினைப்போம். இந்த விஷயத்தில் அப்படி நடக்கவில்லை.

அதற்கு ஒரு முக்கியக் காரணம் உரிமம். நிஜ நிறுவனத்தின் காரை கேமில் வைக்க அந்த நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். தங்கள் கார் நசுங்கி, கூரை அமுங்கிக் கிடப்பதைப் பார்க்க எந்த நிறுவனம்தான் ஆசைப்படும்? மோதலுக்கென்றே பெயர் வாங்கிய கேம்களைப் பாருங்கள்: பர்ன்அவுட், ஃபிளாட்அவுட், ரெக்ஃபெஸ்ட், பீம்என்ஜி. எல்லாவற்றிலும் கற்பனைக் கார்கள்தான். இபிஷு, காவ்ரில், ஈடிகே, ஹிரோச்சி என்ற பெயர்களில் உலகத்தில் எந்தக் கம்பெனியும் கார் விற்பதில்லை. நசுக்க அனுமதி கேட்கவும் ஆள் இல்லை.

இனி, உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இது புரிந்தால் எந்த கேம் எங்கே ஏமாற்றுகிறது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

பெரும்பாலான ரேஸ் கேம்களில் கார் ஒரு வளையாத கட்டை. மோதினால் கணக்குப் போடுவது அந்தக் கட்டைதான். நாம் பார்க்கும் நெளிவு அதன் மேல் போர்த்திய சட்டை மாதிரி. சில கேம்கள் நல்ல பம்பரைக் கழற்றிவிட்டு ஏற்கெனவே செய்து வைத்த உடைந்த பம்பரை மாட்டும். சில கேம்கள் இடித்த இடத்தில் மட்டும் மேற்பரப்பை உள்ளே அமுக்கும். இன்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாம் நூற்றுக்கு எத்தனை மிச்சம் என்று ஆளுக்கொரு எண்ணாகப் பின்னால் உட்கார்ந்திருக்கும். சுவரில் எந்தக் கோணத்தில் இடித்தாலும் சஸ்பென்ஷன் 15 புள்ளி குறையும், கார் கொஞ்சம் இழுக்கும். இழுப்பதென்னவோ இழுக்கும், ஆனால் காரணத்தோடு இழுக்காது.

பீம்என்ஜி வேலை செய்யும் விதமே வேறு. ரிக்ஸ் ஆஃப் ராட்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் கேமில் வேலை செய்தவர்கள் சேர்ந்து தொடங்கியது இது. முதல் ஆல்ஃபா, அதாவது ஆரம்பச் சோதனைப் பதிப்பு, 2013-ல் வந்தது, கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் 2015-ல். இதில் கார் என்பது சில நூறு புள்ளிகள், அவற்றை இணைக்கும் சில ஆயிரம் கம்பிகள். புள்ளிக்கு எடை உண்டு. கம்பிக்கு எவ்வளவு இழுத்தால் நீளும், எவ்வளவு தாண்டினால் வளைந்தபடியே நின்றுவிடும், எப்போது அறுந்துபோகும் என்ற அளவுகள் உண்டு. இந்தக் கணக்கு நொடிக்கு 2,000 தடவை நடக்கிறது.

அந்த எண் வெறும் விளம்பரம் என்றுதான் முதலில் நினைத்தேன். நிஜத்தில் ஒரு கார் சுவரில் மோதி நிற்பதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நொடிக்கு 60 படம் காட்டும் திரையில் அது ஆறே படம். நம் கண்ணுக்கு ‘டப்’ என்று முடிந்துவிடும். கணக்கிலோ அதே நேரத்துக்குள் 200 படிகள். அதனால்தான் ஸ்லோ மோஷனில் ஓட்டினால் முதலில் பம்பர், அப்புறம் அதன் பின்னாலுள்ள சட்டம், அப்புறம் இன்ஜின் பின்னால் தள்ளப்படுவது என்று வரிசையாகத் தெரிகிறது. எனக்குக் கல்சுவரில் நடந்ததும் இதுதான். சக்கரத்தைத் தாங்கும் பகுதி உண்மையாகவே வளைந்தது, அதனால் கார் இழுத்தது. “இழு” என்று யாரும் தனியாக எழுதி வைக்கவில்லை.

இதற்கு விலை உண்டு. ஒரு காருக்கே இவ்வளவு கணக்கு என்றால் பத்து காருக்கு பிராசசர் திணறும். என் கணினியில் ஐந்து கார் வரை சமாளிக்கிறது. ஆறாவதை இறக்கினால் படம் திக்கித் திக்கி ஓட ஆரம்பிக்கிறது. கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் செலவழித்துவிட்டு பிராசசரைக் கவனிக்காதவர்கள் இந்த கேமில் ஏமாந்துபோவார்கள். ரேஸ் கேம்கள் இந்த முறையைத் தொடத் தயங்குவதும் இருபது கார் ஓட வேண்டுமே என்றுதான்.

கல்யாணத்துக்குப் புகழ்வது போலப் புகழ்ந்துகொண்டே போகக் கூடாது. வருடக்கணக்காக ஆடியதில் கண்ட குறைகளும் இருக்கின்றன. இந்தப் புள்ளி, கம்பி முறை மிதமான வேகத்தில்தான் நன்றாக இருக்கிறது. 30-லிருந்து 80 வரை, அசல் விபத்துப் படத்தோடு பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். 200-ல் சுவரில் விட்டால் கார் கசக்கிய காகிதம் மாதிரி உருண்டையாகிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. நிஜத்தில் அவ்வளவு ஆற்றல் வந்தால் தகடு கிழியும், இன்ஜின் பெயர்ந்து தனியாகப் போய் விழும், துண்டுகள் சாலை முழுக்க இறையும். கேமில் தகடு கிழிவதற்குப் பதில் ரப்பர் போல இழுபட்டு ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

“அப்பளம் போல நொறுங்கியது” என்று விபத்துச் செய்திகளில் தவறாமல் எழுதுவார்கள். இரும்புத் தகட்டுக் கார் அப்பளம் போல நொறுங்குவதே இல்லை, அது தகர டின் மாதிரி நசுங்கும். நிஜ அப்பளம் ஃபார்முலா ஒன் கார்தான். கார்பன் ஃபைபர் வளையாது, பொடிப்பொடியாக உடையும். உடைவதன் மூலமே ஆற்றலை வாங்கிக்கொள்ளும்படி அதை வடிவமைக்கிறார்கள். 2020 நவம்பரில் பஹ்ரைனில் ரொமெய்ன் குரோஷான் தடுப்பில் மோதியபோது வேகம் மணிக்கு 192 கிலோமீட்டர். அதிர்ச்சி 67 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 67 மடங்கு. கார் இரண்டு துண்டாகித் தீப்பிடித்தது. ஓட்டுநர் உட்காரும் கூடு மட்டும் உடையாமல் நின்றது, அவரும் தீக்குள்ளிருந்து ஏறி வெளியே வந்தார். அந்தப் பந்தயத்தின் பெயரைத் தாங்கிய கேம்களில் முன் இறக்கை உடைவதும் சக்கரம் கழன்று போவதும் இருக்கின்றன. அதற்கு மேல் போக மாட்டார்கள்.

இன்னொரு குறை, கார் காலியாக இருப்பது. ஸ்டீயரிங் தானாகச் சுற்றும், இருக்கையில் ஆள் இருக்காது. நல்லதுதான் என்று தோன்றும். ஆனால் மோதலின் தீவிரத்தை ஆள் இல்லாமல் அளக்க முடியவில்லை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2009-ல் ஒரு சோதனை நடத்தியது. 1959 மாடல் செவ்ரோலெட் பெல் ஏர் காரையும் 2009 மாடல் செவ்ரோலெட் மலிபு காரையும் முன்பக்க மூலையோடு மூலை மோதவிட்டார்கள். பழைய கார் பெரிது, கனமான இரும்பு, தாங்கிவிடும் என்றுதான் யாரும் சொல்வார்கள். பெல் ஏரில் ஆள் உட்காரும் இடமே நசுங்கிப்போனது. மலிபுவின் முன்பக்கம் முழுக்கப் போய்விட்டாலும் உள்ளறை வடிவம் கலையவில்லை. முன்பக்கம் நசுங்கி ஆற்றலை உறிஞ்சத்தான் வேண்டும். பேலா பாரெனி என்ற மெர்சிடிஸ் பொறியாளர் 1950-களின் தொடக்கத்திலேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

அந்தச் சோதனையை நான் கேமில் செய்து பார்த்தேன். ஐம்பதுகளின் பாணியில் இருக்கும் பர்ன்சைட் ஸ்பெஷல் ஒரு பக்கம், ஈடிகே 800 இன்னொரு பக்கம், இரண்டையும் மூலையோடு மூலை மோதவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தபோது இரண்டும் ஒரே அளவு மோசமாகத் தெரிந்தன. கேமராவை ஓட்டுநர் இருக்கைக்குள் நுழைத்தபோதுதான் பழைய காரில் ஸ்டீயரிங் எவ்வளவு பின்னால் வந்திருக்கிறது என்று தெரிந்தது. அந்த இடத்தில் ஒரு நெஞ்சு இருந்திருக்கும். ஸ்கோர் கிடையாது, ரத்தம் கிடையாது, ஆனாலும் அன்றைக்கு அப்புறம் ஆடத் தோன்றவில்லை.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பல கேம்களில் மோதல் சத்தம் நீளமானது: கண்ணாடி, இரும்பு, எதிரொலி என்று ஒரு கச்சேரியே நடக்கும். நிஜ மோதல் கனமான, குறுகிய ஒரு ‘தொம்’. அப்புறம் கிட்டத்தட்ட அமைதி. எங்கோ ஆவி சீறும்.

சரி, வேடிக்கைக்கு எது? ரெக்ஃபெஸ்ட்தான். ஃபின்லாந்தின் பக்பேர் செய்தது, கணினியில் 2018-ல் வந்தது. 24 கார் வரை ஒன்றாக இடித்துக்கொள்ளலாம், புல்வெட்டும் வண்டி, சோபா எல்லாம் உண்டு. நெளிவு பீம்என்ஜி அளவுக்கு நுணுக்கமில்லை, கண்ணுக்குப் போதும். டேமேஜை ‘ரியலிஸ்டிக்’ என்று வைத்துவிட்டு ஆடுங்கள், பழக்கமே மாறிவிடும். ஒரே கார் மிஞ்சும்வரை இடித்துக்கொள்ளும் நிஜ டெமாலிஷன் டெர்பி போட்டியில் ரேடியேட்டரைக் காப்பாற்ற ரிவர்ஸிலேயே போய்ப் பின்பக்கத்தால் இடிப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே மூன்றாவது நாள் நானும் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தேன்.

ஆன்லைன் ரேஸ் தனி உலகம். ஐரேசிங் என்ற கேமில் காரை இடித்துவிட்டால் ரிப்பேர் பார்க்கும் பிட்டில் நின்று கட்டாய ரிப்பேருக்குக் காத்திருக்க வேண்டும், உங்கள் கணக்கில் தவறுகளுக்கான இன்சிடென்ட் புள்ளிகளும் ஏறும். நெளிவு எப்படித் தெரிகிறது என்பதை அங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை. பிட்டில் கடிகாரம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வலி போதும், அடுத்த லேப்பில் இடைவெளி விட்டு ஓட்டுவீர்கள். நான் முன்பு ஆடிய இன்னொரு ஆன்லைன் கேமில் டேமேஜ் பெயருக்குத்தான். முதல் வளைவில் முன்னால் போகிறவரையே பிரேக்காகப் பயன்படுத்துவார்கள். மூன்று மாதத்தில் விட்டுவிட்டேன்.

ரீவைண்டு பற்றியும் சொல்லியாக வேண்டும். 2008-ல் வந்த கிரிட் கேமில் ஃபிளாஷ்பேக் என்று ஒன்று பிரபலமானது. மோதினால் சில நொடி பின்னால் போய் மறுபடி ஓட்டலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு வரம். நானும் அதில்தான் வளைவுகளைக் கற்றேன். ஆனால் டேமேஜை எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் இந்தப் பொத்தான் ஒரே அழுத்தில் கலைத்துவிடும்.

அந்தக் கல்சுவர் ராத்திரிக்குப் பிறகு என் ஸ்டீயரிங் வீலிலிருந்து ரீசெட்டை எடுத்துவிட்டேன். இப்போது ரீசெட் செய்ய வேண்டுமென்றால் எழுந்து கீபோர்டை எட்ட வேண்டும். அதே மலை, அதே கோவெட், இதுவரை ஏழு தடவை மோதிய காரோடு இறங்கிப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை ஆயில் ஒழுகி இன்ஜின் இறுகி நின்றுவிட்டது, ஒரு தடவை டயர் வெடித்து ரிம்மிலேயே ஊர்ந்தேன். பாலத்தைத் தாண்டியது இரண்டே தடவை.